நாற்று நட்டவர் எந்த அமைச்சகம்?

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முகாம் நடந்தது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறோம், ஆதாரோடு வாருங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். என் அத்தையும் போனார். ஒடுகத்தூரைச் சுற்றி அவர் கால் படாத கழனி இல்லை. நாற்றுப் பறிப்பு, நடவு, களை, கடலை பிடுங்குவது என்று நாற்பது வருடமாக அதுதான் அவர் வாழ்க்கை. வரிசையில் நின்று மேசையருகே போனதும் கேட்டார்கள்:

"பட்டா இருக்காம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க விவசாயி இல்லம்மா, கூலி. இது விவசாயிங்களுக்கு."

அத்தை சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம்தான் கேட்டார்: "ஏம்பா, பொறந்ததுலேருந்து சேத்துலதானே நிக்கிறேன்? நான் விவசாயி இல்லன்னா அப்ப நான் யாரு?"

மேசையில் உட்கார்ந்திருந்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கணினி கேட்டதை அவர் கேட்டார். கணினிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தேடிப் போனேன். அது 150 ஆண்டுக் கதையாக இருந்தது. கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் வேளாண் அமைச்சகத்தின் வரலாறு என்று பாடநூலில் வருவது விதையின் வரலாறு, அணையின் வரலாறு, பசுமைப் புரட்சியின் வரலாறு. அந்தப் புரட்சியில் குனிந்து நின்றவர்கள் எந்தக் கோப்பில் இருந்தார்கள் என்று அதில் இருக்காது.

1871இல் வைஸ்ராய் மேயோ காலத்தில்தான் இந்திய அரசில் முதன்முதலாக வேளாண்மை என்ற சொல் ஒரு துறையின் பெயரில் ஏறியது. பெயரைக் கவனியுங்கள்: வருவாய், வேளாண்மை, வணிகத் துறை. வருவாய்தான் முதலில். அதற்குப் பின்னால் 1866 ஒரிசா பஞ்சம் இருந்தது, அதோடு மான்செஸ்டர் பஞ்சாலைக்காரர்களின் பருத்திப் பசியும் இருந்தது. நல்ல பருத்தி வேண்டும், அதற்கு ஒரு துறை வேண்டும் என்று அவர்கள் நெருக்கினார்கள். துறையின் செயலாளர் ஏ.ஓ. ஹியூம். பின்னாளில் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கினாரே, அதே ஹியூம்தான். காசில்லை என்று 1879இல் துறையையே மூடிவிட்டார்கள்.

மூடிய நேரத்தைப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருசப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்திருந்தது. நம் வட ஆர்க்காடு கடுமையாக அடிவாங்கிய மாவட்டங்களில் ஒன்று. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். கல்லுடைக்கிற மனிதனுக்கு அது போதாது, ஆள் செத்துப்போவான் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்திலேயே எதிர்த்தார். யார் செத்தார்கள்? பஞ்சம் வந்தால் முதலில் வேலையும் சோறும் இழப்பவர்கள் நிலமற்ற கூலிகள்தான் என்பதை 1880 பஞ்ச ஆணையமே ஒப்புக்கொண்டது. அந்த ஆணையம் சொல்லித்தான் 1881இல் துறையை மறுபடி திறந்தார்கள். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் வேளாண் துறை வந்தது.

திறந்தபோதே கோடு விழுந்துவிட்டது. நிலம் வைத்திருப்பவனுக்கு 'மேம்பாடு': விதை, கடன், கிணறு, ஆலோசனை. நிலமில்லாதவனுக்கு 'நிவாரணம்': பஞ்சம் வந்தால் ரோடு போடும் வேலை, வராவிட்டால் ஒன்றுமில்லை. ஒருவன் வளர்க்கப்பட வேண்டியவன், மற்றவன் சாகாமல் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவன். இன்றைக்கும் திட்டங்களின் பட்டியலை எடுத்து இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள், சரியாகப் பொருந்தும்.

பிரிட்டனிலிருந்து வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை வரவழைத்து நாடு முழுக்கச் சுற்றவிட்டார்கள். 1893இல் அவர் அறிக்கை வெளியானது. இந்திய விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் அதிகம் இல்லை என்ற தொனியில் எழுதினார். களையில்லாமல் நிலத்தைச் சுத்தமாக வைத்திருப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை என்று வியந்தார். நல்லது. ஆனால் களை எடுத்த கை யாருடையது? நம் பாட்டிகளுடையது. பாராட்டு பட்டாதாரருக்குப் போனது.

அதே காலத்தில், 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கையில் துண்டு நிலம் இல்லாதவரை இவர்கள் அடிமைகளாகத்தான் இருப்பார்கள் என்பது அதன் சாரம். அதன் விளைவுதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை, நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது. பத்தாண்டு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். எவ்வளவு ஏக்கர், இப்போது யார் கையில் என்பது தனிக் கதை. 1994 அக்டோபரில் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போனபோது ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள். நான் இங்கே சொல்ல வருவது வேறு. பஞ்சமி நிலம் வருவாய்த் துறைக் கோப்பாகவே பிறந்தது, வருவாய்த் துறைக் கோப்பாகவே கிடக்கிறது. நிலம் கொடுத்தார்களே தவிர, அதில் பயிர் வைக்க மாடு, விதை, கிணறு கொடுத்து இவர்களை விவசாயிகளாக ஆக்குவது தன் வேலை என்று வேளாண் துறை எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு 1919-20 வாக்கில் சென்னை அரசு நமக்கென ஓர் அதிகாரியை வைத்தது. அவருடைய பதவிப் பெயர் என்ன தெரியுமா? தொழிலாளர் ஆணையர். சேரிக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் தொழிலாளர் துறையின் வேலை. அந்தத் துறைதான் பின்னாளில் ஹரிஜன நலத்துறையாகி, இன்று ஆதிதிராவிடர் நலத்துறையாக இருக்கிறது. ஊருக்கு வேளாண் துறை, சேரிக்குத் தொழிலாளர் துறை. அலுவலகத்திலும் இரட்டைக் குவளை!

டெல்லியில் துறை மாறிக்கொண்டே இருந்தது. 1923இல் கல்வி, சுகாதாரம், நிலம் என்ற கதம்பத் துறைக்குள் போட்டார்கள். 1926இல் லின்லித்கோ தலைமையில் வேளாண்மைக்கான ராயல் கமிஷன் வந்தது. 1928இல் தடி தடியாக அறிக்கை கொடுத்தது. இன்றைய ஐ.சி.ஏ.ஆர். அதன் பிள்ளைதான், 1929இல் பிறந்தது. ஆனால் அந்தக் கமிஷனுக்குக் கொடுத்த உத்தரவிலேயே ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள்: நில உடைமை பற்றியும் குத்தகை முறை பற்றியும் பரிந்துரை செய்யக் கூடாது. விதையைப் பேசு, உரத்தைப் பேசு, காளையைப் பேசு, நிலம் யாருடையது என்று மட்டும் பேசாதே. இந்திய வேளாண் அறிவியல் இந்தப் பூட்டோடுதான் வளர்ந்தது. வேளாண் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இது பாடத்தில் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பூட்டை உடைக்கச் சொன்னவர் புரட்சியாளர் அம்பேத்கர். 1947 மார்ச்சில் அவர் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும் என்றார். நிலத்தை அரசு எடுத்து, அளவான பண்ணைகளாக்கி, சாதி பார்க்காமல் ஊர் மக்களுக்குக் கூட்டாகக் குத்தகைக்கு விட வேண்டும். நிலக்கிழாரும் இருக்கக் கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக் கூடாது. அதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். எழுதவில்லை. வேளாண்மையும் மீன்வளமும் மாநிலப் பட்டியலுக்குப் போயின. மாநிலத்தில் யார் கையில் அதிகாரம் இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

1945இல் கதம்பத் துறையைப் பிரித்து வேளாண்மையைத் தனியாக எடுத்தார்கள். 1947 ஆகஸ்டில் அது அமைச்சகமானது. 1951இல் உணவோடு சேர்ந்தது, 1956இல் பிரிந்தது, 1957இல் மறுபடி சேர்ந்தது. ராஜேந்திர பிரசாத், முன்ஷி, கித்வாய், எஸ்.கே. பாட்டீல் என்று வரிசையாக வந்தார்கள். 1964இல் நம் சி. சுப்பிரமணியம் வந்தார், மெக்சிகோ கோதுமை வந்தது. இதெல்லாம் போட்டித் தேர்வுப் புத்தகத்தில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

நான் நிற்க விரும்புவது 1967இல். அந்த ஆண்டு மார்ச்சில் உணவு, வேளாண் அமைச்சராக வந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். பீகாரில் சந்த்வா கிராமத்தில் சமார் குடும்பத்தில் பிறந்தவர். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தோல் தொட்ட சாதி. 1937இலேயே பீகாரில் விவசாயக் கூலிகளுக்கென்று தனிச் சங்கம் கட்டியவர். விவசாயிகள் சங்கம் என்ற பெயரில் நிலமுள்ளவர்கள் பேசுகிறார்கள், கூலிக்காரன் குரல் அதில் இல்லை என்பதைக் கண்டு கட்டிய சங்கம் அது. 1946இல் இடைக்கால அரசில் தொழிலாளர் அமைச்சரானார். 1948இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வேளாண்மையும் இடம்பெற்றது. கூலிக்குச் சட்டத்தில் கிடைத்த முதல் பெரிய இடம் அதுதான். ஆனால் மற்ற தொழில்களைவிட வேளாண்மைக்குக் கூலி நிர்ணயிக்க அதிக அவகாசம் கொடுத்தார்கள், அதையும் நீட்டினார்கள். விவசாயக் கூலிகளின் நிலைமையை அறிய 1950-51இல் முதல் தேசிய விசாரணை நடந்தது. நடத்தியது வேளாண் அமைச்சகம் அல்ல, தொழிலாளர் அமைச்சகம்.

அப்படிப்பட்டவர் கையில் வேளாண் அமைச்சகமே வந்தது. என்ன நடந்தது?

1968 ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று தபால் தலை வெளியிட்டார்கள். அதே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

இரண்டையும் நான் வேண்டுமென்றே பக்கத்தில் வைக்கவில்லை, வரலாறே அப்படி வைத்திருக்கிறது. தஞ்சாவூர் சாதாரண மாவட்டம் இல்லை. 1960-61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் என்று அமைச்சகம் நாடு முழுக்க முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் பணமும் ஆலோசனையும் அதில் இருந்தது. விதை, உரம், கடன், விரிவாக்க அலுவலர் எல்லாம் அங்கே கொட்டப்பட்டன. 1965-66இல் ஆடுதுறை 27 நெல் வந்தது. விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் ஒரு பங்கை, அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் அதிகமாக, கேட்டார்கள் கூலிகள். அவர்களை எதிர்த்து நிலக்கிழார்கள் கட்டிய சங்கத்தின் பெயர் என்ன? நெல் உற்பத்தியாளர் சங்கம். நடவு நட்டவர்கள் உற்பத்தியாளர்கள் இல்லை! அத்தையிடம் முகாமில் சொன்ன அதே வார்த்தை, அதே இலக்கணம். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

விளைச்சலைக் கணக்கெடுத்த அமைச்சகத்தின் தலைமையில் ஒரு தலித் இருந்தார். ஆனால் புதிய விவசாயம் கிராமத்தில் மூட்டுகிற பதற்றத்தைப் பற்றி 1969இல் அறிக்கை தயாரித்தது எந்த அமைச்சகம்? உள்துறை. கூலி தொழிலாளர் துறையின் கோப்பு, கூலி கேட்டால் போலீஸ் கோப்பு. ஜெகஜீவன் ராம் துரோகி என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1974 முதல் 1977 பிப்ரவரி வரை மறுபடி அதே அமைச்சகத்தில் இருந்தார். 1984 இறுதியில் பூட்டா சிங் வந்தார், அவரும் தலித் சீக்கியர். நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்தார், நாற்காலிக்கு எதிரே வந்த கோப்பில் நம் ஆள் இல்லை. பிரதிநிதித்துவம் போதும் என்று நினைக்கிற தோழர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் வட ஆர்க்காட்டையும் ஆராய்ந்தார்கள். 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் பசுமைப் புரட்சி எப்படி நடக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தன. 1982-83இல் அதே கிராமங்களுக்கு வேறு ஆய்வாளர்கள் திரும்பி வந்தார்கள். ஹேஸலும் ராமசாமியும் 1991இல் புத்தகமாகப் போட்டார்கள். நிலமற்றவர்களின் வருமானமும் உயர்ந்தது என்பது அவர்கள் முடிவு. மறுத்தவர்கள் உண்டு. நான் அதை முழுதாக மறுக்க மாட்டேன், எங்கள் வீட்டில் களிக்குப் பதில் அரிசிச் சோறு வந்த காலம் அது. ஆனால் அந்த வளர்ச்சி மின்மோட்டாரில் ஓடியது. கிணறு வைத்திருந்தவன் ஆழப்படுத்தினான், ஆழ்துளை போட்டான். கிணறே இல்லாதவன் தண்ணீர் வற்றியதும் முதலில் வேலை இழந்தான். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூரைத் தொட்டுப் போகும் உத்தரக் காவிரியில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அது போய்ச் சேரும் பாலாற்றின் கதை இன்னும் மோசம். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் பற்றிக் கொடுத்த தீர்ப்பில் ஓர் எண் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்குப்படி தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ். அது நிலத்தின் எண். அந்த நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன கைகளின் எண்ணிக்கை எங்கே? அந்தக் கைகளில் பல அதே தொழிற்சாலையின் சுண்ணாம்புக் குழியில் இறங்கின. அவர்களின் பேத்திகள் இன்று விடியற்காலையில் ஷூ கம்பெனி வேன் ஏறுகிறார்கள்.

தோலைப் பேசியதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஆடு உயிரோடு இருக்கும்வரை கால்நடைத் துறை. உரித்துப் பதனிட்டு ஏற்றுமதிக்குப் போனால் வணிக அமைச்சகம், அதற்கென்று கவுன்சில்கூட இருக்கிறது. நடுவில் உரித்தவர், சுமந்தவர், ஊறவைத்தவர்? கால்நடைக்கு 1991இல் தனித் துறை வந்தது. 1997இல் மீன்வளத்தையும் அதோடு சேர்த்தார்கள். 2019இல் இரண்டையும் வேளாண்மையிலிருந்து பிரித்து மீன்வளம், கால்நடை, பால்வள அமைச்சகம் என்று தனியாகவே ஆக்கிவிட்டார்கள். ஆட்டுக்கும் மீனுக்கும் அமைச்சகம் உண்டு.

மீனிலிருந்து நாம் ஒன்று கற்றுக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது அரசு கொடுக்கும் நிவாரணம் படகு முதலாளிக்கு மட்டும் போவதில்லை, படகில் கூலிக்குப் போகிறவர் குடும்பத்துக்கும் போகிறது. சொந்தப் படகு இல்லாதவரும் அரசு ஏட்டில் மீனவர்தான். கடற்கரை மக்கள் சங்கமாக நின்று வாங்கிய உரிமை அது. கடற்கரைச் சேரியில் மீன் சுமப்பவர்களும் கருவாடு போடுபவர்களும் அந்த ஏட்டுக்குள் வருகிறார்களா என்பது தனிச் சண்டை. ஆனாலும் கேள்வி நிற்கிறது: படகில்லாதவர் மீனவர் என்றால், பட்டா இல்லாதவர் ஏன் விவசாயி இல்லை?

ஏட்டிலேயே பதில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைத்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் அறிக்கைகளை வைத்து 2007இல் தேசிய விவசாயிகள் கொள்கையை அரசே வெளியிட்டது. அதில் 'விவசாயி' யார் என்று வரையறை இருக்கிறது. நிலமுள்ளவர் மட்டுமல்ல, குத்தகைதாரர், பங்கு சாகுபடியாளர், விவசாயக் கூலி, மீனவர், கால்நடை வளர்ப்பவர், காட்டு விளைபொருள் சேகரிக்கும் பழங்குடியினர் எல்லோரும் விவசாயிகள். டெல்லி வேளாண் அமைச்சகத்தின் சொந்தக் கொள்கை இது. 2015இல் தன் பெயரோடு 'விவசாயிகள் நலன்' என்றும் சேர்த்துக்கொண்டது. 2019இல் பி.எம். கிசான் வந்தது, ஆண்டுக்கு 6,000 ரூபாய். யாருக்கு? நிலமுள்ள குடும்பங்களுக்கு. முதலில் 2 ஹெக்டேர் வரை என்றார்கள். சில மாதத்தில் அந்த உச்சவரம்பையும் எடுத்தார்கள். மேலே இருந்த கதவு திறந்தது, கீழே இருந்த கதவு பூட்டியே இருந்தது.

2011 கணக்கெடுப்பில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்பவர் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு உள்ள பட்டியல் சாதியினரிடம் சாகுபடிப் பரப்பில் 9 விழுக்காடுகூட இல்லை. 2021இல் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 5,318, விவசாயக் கூலிகள் 5,563. செத்தபிறகும் தனித்தனிப் பத்தி.

இதை வைத்து என்ன செய்யலாம் என்று போன மாதம் உட்கார்ந்து பேசினோம். ஒடுகத்தூர் பேரூராட்சி, இங்கே கிராம சபை கிடையாது. ஆனால் சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. 2007 கொள்கையின் வரையறையை அப்படியே எடுத்து, பட்டா இல்லாத விவசாயக் கூலிகளுக்கும் அடையாள எண் தர வேண்டும் என்று மே 1 கிராம சபையில் தீர்மானம் கொடுப்பது என்று முடிவு. மாதிரித் தீர்மானத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பெயரை நிரப்பினால் போதும். சிலர் இது மாநில அரசிடம் கேட்க வேண்டியது என்கிறார்கள், சிலர் டெல்லியிடம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் அனுப்பலாம்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். வரையறை வருகிற இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். கையெழுத்துப் போட வருகிறேன் என்றார், அன்றைக்குக் களை எடுப்பு இல்லாமல் இருந்தால்.